யட்டியாந்தோட்டையில் நாலு சதவீதம்

இலங்கைக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், கடல் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒருத்தியிடம் ஒரு கையெழுத்து வாங்க. 2005ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் பெயரளவுக்காவது இருந்த காலம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கதை போகப் போக நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவள் யோகேஸ்வரி. யோகம் என்று கூப்பிடுவோம். மதுரையில் ஒரு கருத்தரங்கில் பழக்கமானவள். கேகாலை மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, மலைப்பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம்.

விஷயம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. இரண்டு வட்டத் தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி, அதில் தண்ணீர். கீழ்த்தட்டைச் சூடாக்கி மேல்தட்டைச் சுழற்றினால் சூடு எவ்வளவு வேகமாக மேலே ஏறும்? அந்தத் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய அலுமினாப் பொடியைக் கலந்துவிட்டால் எவ்வளவு கூடுதலாக ஏறும்? பொடி கலந்த அந்த நீருக்கு நானோ திரவம் என்று பெயர். நான் அதன் சமன்பாடுகளைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கணினியில் தீர்ப்பவள். யோகம் நிஜமான தட்டுகளை வைத்து அளப்பவள்.

நாலு சதவீதம் பொடி கலந்தால் சூடு ஏறும் வேகம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடுகிறது என்றது என் கணினி. மூன்றுதான் கூடுகிறது என்றாள் யோகம். இரண்டு வருடமாக இதே பாட்டு. இரண்டு விடையும் இப்படி ஒட்டாமல் நின்றால் கட்டுரையை ஏற்க மாட்டோம் என்று ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போயாக வேண்டும். அதற்கு அடுத்த வாரம் யோகத்துக்கு நிரந்தர வேலைக்கான நேர்முகம். கட்டுரையில் அவள் பெயர் இருந்தால்தான் வேலை.

நான் ஒரு கடிதம் தயாரித்து எடுத்துக்கொண்டு போனேன். 'பரிசோதனைப் பகுதியில் பிழை இருப்பதால் அதை நீக்கிவிடுகிறோம்.' அவ்வளவுதான். பரிசோதனை போனால் அவள் பெயரும் போகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. மின்னஞ்சலில் சொல்ல மனம் வரவில்லை, நேரில் சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று கிளம்பினேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

முதல் நாளே ஒரு கோளாறு. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தாள் யோகம். எனக்கு ரயில்தான் ராசி என்று கண்டி ரயிலில் ஏறி, வரைபடத்தில் கேகாலைக்குப் பக்கமாகத் தெரிந்த ரம்புக்கனையில் இறங்கிவிட்டேன். அங்கே இறங்கியவர்களில் பாதிப் பேர் யானை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்து, 'எலிபன்ட், மேடம்?' என்று நாலு ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். யோகத்தின் ஊரான யட்டியாந்தோட்டை என்றதும் ஒருவர் மற்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி எனக்குத் தமிழில் அர்த்தம் சொன்னார்: 'மூக்கைத் தொட தலையைச் சுத்தி வந்திருக்கீங்களாம்.'

ரம்புக்கனையிலிருந்து கேகாலை ஒரு பஸ், கேகாலையிலிருந்து கரவனெல்ல இன்னொரு பஸ். நம் ஊர் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும் என்று குறைப்பட்டுக்கொள்வேன். இங்கே போட்ட சத்தத்தில் அந்தக் குறையும் தீர்ந்தது. டிரைவர் தலைக்கு மேல் புத்தர், அவருக்குப் பக்கத்தில் பிள்ளையார், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்ண விளக்கு. ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் இருந்த காப்பிப்பொடிப் பொட்டலத்தை ஒரு சிப்பாய் பிரித்து முகர்ந்தான். தேயிலை நாட்டுக்குக் காப்பிப்பொடி கொண்டுவந்தவளை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே! பொட்டலத்தை மடித்துக் கொடுத்து ஏறச் சொன்னான்.

மலைச்சரிவில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் போயிற்று. கரவனெல்ல வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில் ஒதுங்கினேன்.

"இந்தியாவா? அல்லாவே, ஒத்தையிலயா வந்தீங்க? குந்துங்க, மொதல்ல ஒரு பிளேன்டீ குடிங்க."

பால் இல்லாத இஞ்சித் தேநீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துல், அதாவது கூந்தல்பனைக் கருப்பட்டி. நானோ திருநெல்வேலிக்காரி, பனங்கருப்பட்டியைத் தவிர வேறொன்றையும் கருப்பட்டி என்று ஒப்புக்கொள்ளாதவள். கித்துல் நன்றாகத்தான் இருந்தது. ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

"யார் வீட்டுக்கு?" யோகம் தந்திருந்த முகவரியைக் காட்டினேன். "ஃபிட்டர் மணியமா? நல்லாத் தெரியும். இந்நேரம் ஸ்டோர்லதான் ஈப்பாரு, நான் போன் போடுறேன்" என்றார் பெரியவர். தோட்டத்துத் தொழிற்சாலையை ஸ்டோர் என்கிறார்கள். மணியம் யோகத்தின் அண்ணன், அங்கே இயந்திரம் பழுது பார்ப்பவர். அரை மணியில் ஒரு த்ரீவீலரோடு வந்துவிட்டார்.

"டீச்சர், ரயில்ல வந்தீங்களாமே? யாரு சொன்னா அந்த வழிய?"

"நானேதான் கண்டுபிடிச்சேன்" என்றேன். அவர் என் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றை ஒட்டி, பிறகு ரப்பர் மரங்களுக்குள் ஏற்றம். மரத்துக்கு மரம் இடுப்பில் பால் வடிய ஒரு சிரட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. மணியத்தின் வீடு லயம் என்கிற தோட்டக் குடியிருப்பு வரிசையின் கடைசியில். யோகம் வாசலிலேயே நின்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் பையில் இருந்த கடிதம் என் முதுகை உறுத்திற்று.

இராச்சாப்பாடு தேங்காய் போட்ட ரொட்டி, மாசிக் கருவாடு இடித்த சம்பல். மணியத்தின் மனைவி சரோஜா ஒவ்வொரு ரொட்டியாகச் சுட்டுப் போட்டுக்கொண்டே, "இந்தியாவுல ரொட்டி இப்படி இருக்காதாமே, மெல்லிசாமே?" என்று விசாரித்தாள். நாலு ரொட்டி தின்றேன். சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர்.

இரண்டாம் நாள் விடியும்போதே மழை. "மரம் நனைஞ்சிருச்சு, இன்னைக்குப் பால் வெட்டு இல்ல" என்று மணியம் பின்கட்டுக் கொட்டகையைத் திறந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் யோகத்துக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுக்கவில்லை. இயந்திரத்தை அண்ணனும் தங்கையுமாக இங்கே செய்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டளவு இரண்டு அலுமினியத் தட்டுகள், ஸ்டோரில் கடைந்தவை. மேல்தட்டைச் சுற்றத் தையல் மெஷின் மோட்டார். கீழ்த்தட்டுக்கு அடியில் சூடேற்றும் கம்பி. பக்கத்து மேசையில் ஒரு தராசு. பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: இதை வைத்துக்கொண்டா என் கணினியோடு மல்லுக்கு நிற்கிறாள்?

யோகம் பொடி கலந்த தண்ணீரை ஊற்றி, மோட்டாரைப் போட்டு, இரண்டு வெப்பமானிகளையும் மாறி மாறிப் பார்த்துக் குறித்தாள். மூன்று முறை. மூன்று முறையும் அதே மூன்று சதவீதம்.

"சூடு பக்கவாட்டுல கசியுது யோகம். அதான் உனக்குக் குறைச்சலா வருது."

"துணி சுத்திப் பாத்தேன் அக்கா, பஞ்சு வச்சிப் பாத்தேன், ரப்பர் ஷீட் ஒட்டியும் பாத்தேன். மாறவே மாட்டேங்குது."

"அப்ப தட்டு மட்டமா இல்லை."

கொட்டகை வாசலில் நின்ற மணியத்தின் முகம் மாறியது. "தட்டு மட்டமாத்தான் இருக்கு டீச்சர்" என்றார். குரல் உயரவில்லை. தண்ணீர்மட்டம் பார்க்கும் குழாயைக் கொண்டுவந்து தட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். குமிழி சரியாக நடுவில் நின்றது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். கடிதத்தை எடுத்து நீட்டினேன். யோகம் படித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா என் பேர் இருக்காது, இல்லையா அக்கா?"

"கட்டுரையாவது வரும். அடுத்ததில் உன் பெயரை..."

"நேர்முகம் அடுத்த கிழமை. அடுத்த கட்டுரை எப்ப?"

நியாயமான கேள்விதான். எட்டு வருடமாகத் தற்காலிக வேலை, ஒவ்வொரு வருடமும் போ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருப்பவள். மழை கொட்டகைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவளே சொன்னாள்: "நாளைக்கு ஒரு வாட்டி தனியா அளந்து பாக்குறேன். நீங்க அண்ணனோட போய்த் தோட்டத்தச் சுத்திப் பாருங்க. பின்னேரம் புது அளவு தர்றேன். அதுவும் ஒட்டலைன்னா போடுறேன் கையெழுத்து." எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் வெயில். அதிகாலையிலேயே பால் வெட்டுக்குப் போனவர்கள் பத்து மணி வாக்கில் வாளிகளோடு திரும்பத் தொடங்கினார்கள். மணியம் என் மேல் கோபத்தை வைத்துக்கொண்டே, மரியாதைக்குக் குறைவில்லாமல், பால் அளக்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். வழியில் காலில் அட்டை ஏறியது. நான் போட்ட சத்தத்தில் அவருக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது என்று நினைக்கிறேன். சோப்பைத் தடவி எடுத்துவிட்டார்.

கொட்டகையில் ஒரு பெரிய தொட்டி, ஒரு மேசை, கணக்கப்பிள்ளை. ரப்பர் பால் பார்க்க அசல் பசும்பால்தான். வெட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வாளியை நீட்ட, அவர் முதலில் லிட்டர் அளக்கிறார். பிறகு கொஞ்சம் பாலை ஒரு நீளக் குவளையில் எடுத்துத் தண்ணீர் கலந்து, ஒரு மிதவைக் கருவியை விடுகிறார். அது எவ்வளவு முங்குகிறது என்று பார்த்து இத்தனை கிலோ ரப்பர் என்று ஒரு எண் சொல்கிறார். முத்தம்மா என்றொரு அம்மாளின் முறை வந்தது. வாளி தளும்பத் தளும்ப இருந்தது. எண்ணைக் கேட்டதும் அவருக்கு வந்ததே கோபம்!

"பன்னெண்டு லிட்டரு கொண்டாந்திருக்கேன், கண்ணத் தொறந்து பாருங்க. பக்கத்து மல செல்லம்மா எட்டு லிட்டருதான். அவளுக்கும் எனக்கும் ஒரே கிலோவா? இது என்னங்க நாயம்?"

"லிட்டரு இல்லன்னு யாரு சொன்னா?" என்றார் கணக்கப்பிள்ளை. "சிரட்டையில நேத்து மழத் தண்ணி நின்னிருக்கு, அதயும் சேத்து ஊத்திக் கொண்டாந்துட்டீங்க. ரப்பரு எம்புட்டு இருக்குன்னுதானே நான் பாக்கோணும்?"

"மழைய நானா பெய்யச் சொன்னேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்தம்மாவும் சிரித்துவிட்டார். மணியம் என் பக்கம் திரும்பி விளக்கினார்: "இங்க தெனம் இதுதான் டீச்சர். பாலுக்குள்ள ரப்பர் பொடிப்பொடியா மெதக்குது. பாலு லிட்டர்ல வரும், ரப்பரு கிலோவுல போகும். எதச் சொல்றோம்னு தெளிவா சொல்லலேன்னா சண்டதான்."

நான் தலையாட்டினேன். மூன்றாவது தடவை தலையாட்டும்போது தலை அப்படியே நின்றுவிட்டது.

தண்ணீருக்குள் பொடி மிதக்கிறது. நாலு சதவீதம். எதில் நாலு?

என் சமன்பாடுகளில் பொடியின் பங்கு என்பது கன அளவு. நூறு லிட்டரில் நாலு லிட்டர். ஆனால் யோகத்தின் கொட்டகையில் பொடியை யாரும் லிட்டரில் அளக்க முடியாது. நேற்று யோகத்தின் மேசையில் என்ன இருந்தது? ஒரு தராசு. அலுமினா தண்ணீரைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு கனம். எடையில் நாலு என்றால் கன அளவில் ஒன்றுதான். பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று.

"மணியம் அண்ணே, வீட்டுக்குப் போகணும். இப்பவே."

"ஏன் டீச்சர், அட்டையா?"

அந்த ஏற்றத்தை நான் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். வீட்டில் யோகம் கொட்டகைக்குள் இல்லை, உள்ளறையில் மேசையருகே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று நோட்டை மூடினாள். எனக்கு மூச்சு வாங்கியது.

"யோகம், பொடியை எப்படி அளந்தே? எடையா?"

"எடைதான். நூறு கிராமுக்கு நாலு கிராம். முதல் மெயில்லயே எழுதினேனே அக்கா."

எழுதியிருந்தாள். மடிக்கணினியில் அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். எடைக்கு எடை என்று தெளிவாக, அழகாக எழுதியிருந்தாள். நான்தான் நாலு என்ற எண்ணை மட்டும் பொறுக்கி என் நிரலில் போட்டுக்கொண்டு, மீதியைப் படிக்காமல் இரண்டு வருடம் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வரைபடங்களில் நாலு சதவீதம் என்றே இருந்தது, அவள் குப்பியிலும் நாலு சதவீதம் என்றே இருந்தது. சந்தேகப்பட அவளுக்கும் வழியில்லை. ஒவ்வொரு அளவும் என் விடையில் சரியாகக் கால் பங்காக இருப்பதைக்கூட நான் கவனித்திருந்தேன். சூடு கசிகிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

நாலை ஒன்றாக மாற்றி நிரலை ஓட்டினேன். அந்தப் பழைய மடிக்கணினி அரை மணி நேரம் முனகியது. சரோஜா கொண்டுவந்த தேநீர் ஆறிப்போயிற்று. கடைசியில் திரையில் கோடு வளைந்து வந்து, யோகம் அளந்த புள்ளிகள் ஒவ்வொன்றின் மேலும் ஏறிப் போனது.

"அப்ப எங்க மெஷின் சரியா?" என்றார் மணியம்.

"சரி அண்ணே. தட்டும் மட்டம்தான். தப்பு என் மேலே."

அவர் வெளியே போய் யாரிடமோ சிங்களத்தில் சத்தமாக ஏதோ சொன்னார். சந்தோஷம்தான் என்று குரலிலேயே தெரிந்தது. யோகம் மட்டும் சந்தோஷப்படவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

பழைய கடிதத்தைக் கிழித்தேன். கணக்கில் பிழை இருந்தது, பிழை என்னுடையது, பரிசோதனை சரி என்று புதிதாக எழுதினேன். "இவ்வளவு வெளிப்படையா எழுதணுமா அக்கா?" என்று யோகம் தயங்கினாள். எழுதத்தான் வேண்டும் என்றேன். அவள் பெயரை முதலில் போட்டேன். யட்டியாந்தோட்டையில் ஒரு இன்டர்நெட் கடையிலிருந்து அன்று பின்னேரமே அனுப்பிவிட்டோம். கட்டுரையை ஏற்றுக்கொண்டதும், அவளுக்கு வேலை நிரந்தரமானதும் பிறகு வந்த செய்திகள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

நான்காம் நாள் காலை, ஒழுங்கு மரியாதையாக அவிசாவளை வழி பஸ். ஏற்றிவிட எல்லோரும் வந்தார்கள். சரோஜா வழிக்கு ரொட்டி கட்டித் தந்தாள். "அடுத்த தடவ ரயில்ல வராதீங்க" என்றார் மணியம். பஸ் உறுமத் தொடங்கியதும் யோகம் ஜன்னல் வழியாக ஒரு உறையைக் கையில் திணித்தாள்.

"பஸ் எடுத்த பொறகு பிரிச்சிப் பாருங்க அக்கா. என்னை வெறுத்துடாதீங்க."

கரவனெல்லப் பாலம் தாண்டியதும் பிரித்தேன். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நான் ஓடி வந்தபோது அவள் மூடிய அதே நோட்டு. அழகான கையெழுத்தில் ஒரு அட்டவணை, மேலே முந்தைய நாள் தேதி, 'புதிய அளவுகள்' என்று தலைப்பு. எல்லா அளவும் பன்னிரண்டை ஒட்டியே இருந்தன. ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைய, நிஜமாக அளந்தது போலவே. ஒன்றைக்கூட அவள் அளக்கவில்லை. கடைசிக் கட்டம் மட்டும் பாதியில் நின்றிருந்தது. கீழே பென்சிலில் எழுதியிருந்தாள்: 'இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு வந்திருந்தா இதைத்தான் உங்க கையில் தந்திருப்பேன்.'

எட்டு வருடம் பயந்து பயந்து வேலை பார்த்தும் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள். அவளைப் பொய் எழுத உட்கார வைத்தது நான். பஸ் ஆற்றோரமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் யோசித்துப் பார்த்தேன். இதை என்னிடம் தந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டேன். 'பார்த்தாயா, நான் சொன்னேனே' என்று சொல்லி அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டியிருப்பேன்.